நாற்பது பச்சையும் ஒரு சிவப்பும்

விடைத்தாள் திருத்தும் முகாம்களில், காலைக் கட்டு முடிந்து பிற்பகல் கட்டு வந்து சேர்வதற்குள் கிடைக்கும் அரை மணி நேரத்தில், அறிவியல் ஆசிரியர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் கதை இது. காவிரிக் கரைப் பள்ளிகளில் இக்கதையில் லென்சுக்குப் பதிலாகத் தனி ஊசல் வருகிறது. மேற்கு மாவட்டங்களில் குரு ஓர் ஆண். தாமிரபரணிப் பக்கத்து ஆசிரியர்கள் சொல்லும் வடிவமே இங்கே தரப்படுகிறது; அதில்தான் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முத்தரசி டீச்சரும் தேவசகாயம் சாரும் அறிவியல் நடத்தினார்கள். தேவசகாயம் ஆறு வயது மூத்தவர். நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் இருந்து, பதவி உயர்வில் இங்கே வந்தவர். பாடம் அவருக்குத் தெரியும், ஆய்வகம் தெரியாது. வந்த முதல் வாரமே முத்தரசியிடம் போய், "எனக்குச் சோதனைக் குழாய் பிடிக்கச் சொல்லித் தாங்க டீச்சர்" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் சீடர். ஓய்வறையில் மற்றவர்கள், "சார், இன்னைக்கு வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?" என்று கேலி செய்வார்கள். "முடிச்சாச்சு, கையெழுத்துதான் வாங்கணும்" என்பார் அவர்.

ஒன்றில் மட்டும் அவர் குருவை மிஞ்சியவர். கணினி அவர் சொன்னபடி கேட்டது.

அந்த ஆண்டு பத்தாம் வகுப்பின் செய்முறைப் பயிற்சிக்காக அவர் ஒரு செயலியை எழுதினார். குவிலென்சைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, தொலைவில் இருக்கும் ஒரு பொருளின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைக்க வேண்டும். பிம்பம் தெளிவாக விழும்போது லென்சுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரமே அந்த லென்சின் குவியத் தூரம். மாணவர்கள் மூன்று முறை அளந்து, எண்களைக் கைக்கணினியில் தட்ட வேண்டும். சுவரில் உள்ள பெரிய திரையில் அவரவர் பெயருக்கு நேரே சராசரி தோன்றும். சரியான விடைக்கு அருகில் இருந்தால் அந்த வரி பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. சரியான விடை எது என்பதைத் தேவசகாயம் முன்னரே அதற்குரிய கட்டத்தில் நிரப்பியிருந்தார்: பதினைந்து சென்டிமீட்டர். லென்சுகளின் உறையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

தலைமையாசிரியருக்கு மிகுந்த மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாவட்ட அதிகாரிகள் வந்து பார்ப்பதாகவும், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் இச்செயலி போகும் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை நான்கு வரிகள் தவிர திரை முழுவதும் சிவப்பாக இருந்தது. செவ்வாயன்று பாதி பச்சை. புதன்கிழமை காலையில் நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் பச்சை. ஒரு வரி மட்டும் மாறவில்லை. அது இசக்கி என்ற பெண்ணின் வரி.

"மூணு தடவை அளந்தியா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"ஒம்பது தடவை அளந்துட்டேன் சார். பதினேழுதான் வருது."

"அதே லென்சுலதான பக்கத்துல இருக்கவங்களும் அளந்தாங்க? அவங்களுக்கு மட்டும் எப்படிப் பதினஞ்சு வந்துது?"

"தெரியல சார். எங்க தப்பு பண்ணுதேன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "சார், அந்த லென்சுக்கே கண்ணாடி போடணும் போல" என்றான். வகுப்பு சிரித்தது. அவளுக்கு அதற்குள் 'சிக்னல்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. "ஏ சிக்னலு, எப்பம்ளா பச்சை விழும்? வண்டியெல்லாம் நிக்குல்லா!"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டு பத்தாவது முறையாக லென்சை எடுத்தாள். தேவசகாயம் பார்க்கவில்லை, அவருக்கு அடுத்த வகுப்பு இருந்தது.

மதியம் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டார். "அது என்ன சார், நடுவுல ஒரு சிவப்பு? வாரவங்க கண்ணு நேரா அங்கதான் போகும். அந்தப் பிள்ளைய அன்னைக்கு ஒரு நாள் வர வேண்டாம்னு சொல்லிருங்க."

அதிகாரிகள் வரும் நாளில் வாசிக்கத் திணறும் பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொல்வது பல பள்ளிகளில் உள்ள வழக்கம். எந்த ஆணையிலும் அது எழுதப்பட்டதில்லை. ஆனால் சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லத் தெரியும். தேவசகாயம் அதுவரை அதைச் செய்ததில்லை. அன்று செய்தார்.

"இசக்கி, வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டுக்கோ."

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார்."

"பரவால்ல. லெட்டர் எல்லாம் வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

அவள் திரையில் தன் பெயரைப் பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் கடைசி மணி அடித்துப் பேருந்துகளும் போன பிறகு, தேவசகாயம் ஆய்வகத்துக்குச் சென்றார். முத்தரசி டீச்சர் பீக்கர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அமிலக் குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்றும் சிலர் சொல்வர். இரண்டில் எதுவானாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"நாப்பது பேருக்குப் புரிஞ்சது ஒரு ஆளுக்கு மட்டும் புரியலன்னா, அந்த ஒரு ஆளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கது?"

"யாரு அந்த ஒண்ணு?"

"இசக்கி."

"என்ன சொல்லுதா?"

"குவியத் தூரம் பதினேழுங்கா. எத்தனை தடவை அளந்தாலும் பதினேழு."

முத்தரசியின் கை நின்றது.

"ஒவ்வொரு தடவையும் பதினேழா? ஒரு தடவை பதினாலு, ஒரு தடவை பத்தொம்பது, அப்படி இல்லையா?"

"இல்ல டீச்சர். ஒரே தப்பை விடாம பண்ணுதா."

முத்தரசி கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து லென்சுப் பெட்டியை எடுத்தார். காகித உறை ஒன்றிலிருந்து லென்சை எடுத்து அவரிடம் நீட்டினார். ஒரு வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் கொடுத்தார்.

"அளந்து சொல்லுங்க."

தேவசகாயம் சன்னலுக்கு எதிரே நின்றார். மைதானத்துக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டியின் பிம்பம் தாளில் தலைகீழாக விழுந்தது. தாளை முன்னும் பின்னும் நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தி அளவுகோலைப் பார்த்தார். பிறகு தாளை லென்சுக்குச் சற்று அருகில் கொண்டுபோனார்.

"பதினஞ்சு."

"தொட்டி தெரியுதா?"

"தெரியுது."

"ஏணி எந்தப் பக்கம் இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். தாளில் வெண்மையான ஒரு திட்டு மட்டுமே இருந்தது. ஏணி இல்லை.

"ஏணி தெரியுத வரைக்கும் நகத்துங்க."

அவர் தாளைப் பின்னால் நகர்த்தினார். தொட்டி விளிம்பு கூர்மையாயிற்று. ஏணி வந்தது. அதன் கைப்பிடியும் வந்தது.

"இப்ப எவ்வளவு?"

அவர் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தார்.

"பதினேழு."

"மொதல்ல நிறுத்தின இடமும் அதுதான?"

அவர் தாளைப் பார்த்தபடி தலையாட்டினார்.

"அங்க நிறுத்திட்டு ஏன் நகத்தினீங்க?"

"கை நடுங்கிருக்கும்னு நினைச்சேன் டீச்சர். பதினஞ்சுன்னு தெரியும்லா."

பெட்டியில் இருந்த மற்ற ஐந்து லென்சுகளையும் அவர் ஒவ்வொன்றாக அளந்தார். ஏணி தெரியும் இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே இருந்தது.

முத்தரசி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க செயலி எல்லாத்தையும் சேத்து வைக்குமா? இல்ல, கடைசியா தட்டினதை மட்டும் வைக்குமா?"

"எல்லாம் இருக்கும். யாரு, எத்தனை மணிக்கு, என்ன தட்டினாங்கன்னு."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல. நிறத்தை மட்டும்தான் பாத்தேன்."

"திறங்க. ஒவ்வொரு பிள்ளையும் மொதல்ல தட்டினதை வாசிங்க. பேரு வேண்டாம். எண்ணு மட்டும் போதும்."

தேவசகாயம் மடிக்கணினியைத் திறந்தார். வாசிக்கத் தொடங்கினார்.

"பதினேழு புள்ளி ஒண்ணு. பதினாறு புள்ளி எட்டு. பதினேழு. பதினேழு புள்ளி ரெண்டு. பதினாறு புள்ளி ஒம்பது. பதினேழு..."

அவர் குரல் மெல்லத் தாழ்ந்தது. இருந்தாலும் நிறுத்தாமல் வாசித்தார். நாற்பத்தொரு எண்களில் நான்கு மட்டுமே முதலிலிருந்தே பதினைந்து. உறையைப் பார்த்து எழுதிய நால்வர் அவர்கள். மற்ற முப்பத்தேழு பேரும் திங்கட்கிழமை காலையில் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் பதினாறரைக்கும், பதினாறுக்கும், பதினைந்தரைக்கும் இறங்கி, பச்சை வந்த இடத்தில் நின்றிருந்தார்கள். ஒருத்தி மட்டும் இறங்கவில்லை.

ஆய்வகத்தில் குழாய் சொட்டும் ஓசை கேட்டது.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு டீச்சர்" என்றார் தேவசகாயம். "நான்தான் மாத்தியிருக்கேன்."

முத்தரசி லென்சின் உறையை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இந்த எழுத்து யாரு எழுத்து?"

'கு.தூ. 15 செ.மீ.' என்று நீல மையில் இருந்தது. மேலே சுழித்த ஐந்து. பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த கையெழுத்து.

"உங்க எழுத்து."

"பதினோரு வருஷத்துக்கு முந்தி இந்தப் பெட்டி வந்துது. வெளிய பதினஞ்சுன்னு அச்சடிச்சிருந்தான். நான் பிரிச்சு, அதைப் பாத்து ஆறு உறையிலயும் எழுதினேன். ஒண்ணக்கூட அளந்து பாக்கல."

"வகுப்புல செஞ்சு காட்டியிருப்பீங்களே?"

"எங்கிட்ட தனியா ஒரு லென்ஸ் உண்டு. படிக்கும்போது வாங்கினது. அது நல்ல பதினஞ்சு. எப்பவும் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்துருவேன்."

தேவசகாயம் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போட்டிருக்கேன். எல்லா நோட்டுலயும் பதினஞ்சு. பிள்ளைங்க கை சுத்தம்னு பெருமைப்பட்டிருக்கேன். தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருந்தா, ரப்பர் வச்சு அழிச்ச தடம் தெரிஞ்சிருக்கும்."

"அப்பம் எந்தக் கணினியும் கிடையாதே டீச்சர்."

"கிடையாது. அதனால அந்தப் பிள்ளைங்க மொதல்ல என்ன எழுதினாங்கன்னு இனிமே யாராலயும் வாசிக்க முடியாது. உங்க பிள்ளைங்களோடத நீங்க இப்ப வாசிச்சீங்க."

வெளியே மைதானத்தில் யாரோ பந்து எறியும் ஓசை கேட்டது. முத்தரசி எழுந்து குழாயை இறுக மூடினார்.

"வெள்ளிக்கிழமை இசக்கி எங்க உக்காருவா?"

இந்த இடத்தில் கதை சொல்பவர்கள் எல்லாருமே சற்று நிறுத்துவார்கள். தேவசகாயமும் நிறுத்தினார்.

"அவளை வர வேண்டாம்னு சொல்லிட்டேன் டீச்சர்."

முத்தரசி திட்டவில்லை. அது தேவசகாயத்துக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"இப்பவே போய்ச் சொல்லிருதேன், வான்னு."

"பஸ் போயாச்சு. காலையில சொல்லுங்க."

வியாழக்கிழமை தேவசகாயம் வழக்கத்தைவிட முன்னதாகப் பள்ளிக்கு வந்தார். சொல்லவேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் இசக்கி அவருக்கும் முன்னே வந்திருந்தாள். திரை இருந்த அறையின் வாசலில், லென்சும் கையுமாக நின்றாள். அந்த வாரத்தில் முதன்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சார், பச்சை விழுந்துட்டு!"

அவர் திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம்.

"எப்படி?"

"தாளைக் கொஞ்சம் கிட்டக்க கொண்டுபோனேன் சார். அவ்வளவுதான். இது தெரியாம மூணு நாளா கெடந்து முழிச்சிருக்கேன்."

"தொட்டி தெரிஞ்சுதா?"

"தொட்டி தெரியல சார். ஆனா பதினஞ்சு வந்துட்டு."

அவர் அடுக்கிவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் அவருக்கு உதவவில்லை.

"நாளைக்கு நான் வரலாம்லா சார்?"

"வா" என்றார்.

அவள் ஓடினாள். வராந்தாவின் கோடியிலிருந்து அவள் யாரிடமோ, "ஏலே, இனிமே எவனாவது சிக்னலுன்னு கூப்பிடுங்கலே பாப்போம்!" என்று சொல்வது கேட்டது.

தேவசகாயம் நேரே ஆய்வகத்துக்குச் சென்றார். வாசலிலேயே நின்றார்.

"நாப்பத்தொண்ணும் பச்சை டீச்சர்."

முத்தரசி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நான் அவகிட்ட லென்சைப் பத்திச் சொல்லியிருக்கணும். வாய் வரல. மூணு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்கா. நீ சிரிக்கது தப்புன்னு எப்படிச் சொல்ல?"

"சொல்லாதீங்க."

"அப்பம் விட்டுரவா?"

"விடவும் வேண்டாம். உங்க செயலியில சரியான விடைன்னு ஒரு கட்டம் இருக்குல்லா. அதை அழிச்சிருங்க."

"அழிச்சா எந்த வரிக்கும் நிறம் வராது."

"வரக்கூடாது. நாளைக்கு அதிகாரிங்க முன்னால அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும். உறை இல்லாம லென்சை இசக்கி கையில கொடுங்க. எண்ணு எதுவும் சொல்லாதீங்க. அளந்து அந்தக் கட்டத்தை அவ நிரப்பட்டும்."

"நாப்பது பேரும் சிவப்பாயிருவாங்களே டீச்சர்! எச்.எம். என்ன சொல்லுவாரு? வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"நாப்பது பேரோடதும் மொதல்ல தட்டின எண்ணு உள்ள இருக்குல்லா? அதை வெளிய கொண்டு வாங்க. அவங்க வரியில அதுவே நிக்கட்டும்."

"அப்பம் சிவப்பு விழுத வரி?"

"அந்த நாலு பிள்ளைங்க இருக்காங்க. எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்பினவங்க. அவங்க தனியா நிக்க வேண்டாம். அவங்களுக்கு மேல, பட்டியல்ல மொதப் பேரா, என் பேரைப் போடுங்க. முத்தரசி, பதினஞ்சு."

தேவசகாயம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரு முன்னாலயுமா டீச்சர்?"

"அவளைப் பாத்துச் சிரிச்சதும் எல்லாரு முன்னாலயும்தான சார்."

காலை வணக்கத்துக்கான மணி அடித்தது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடும் ஓசை எழுந்து அடங்கியது. தேவசகாயம் கிளம்பினார். இரண்டு அடி வைத்தவர் திரும்பி வந்தார்.

"டீச்சர், நேத்துன்னா அவ பதினேழுன்னு எழுதியிருப்பா. இன்னைக்கு அவளுக்குப் பச்சை எங்க கிடைக்கும்னு தெரிஞ்சு போச்சு. நாளைக்கு அவளும் பதினஞ்சுன்னு எழுதிட்டா?"

முத்தரசி மேசையிலிருந்த ஆறு உறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எழுதினா என் வரி பச்சையா நிக்கும். நீங்களும் நானும் அதுக்கு முன்னால நின்னு, அதைப் பாத்துட்டே இருக்கணும்."